பழைய பிக்கப்பை வெட்டிக் காட்டுத்தடத்துக்குத் தயார்செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வார இறுதி வந்தால் இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாக மலேசியாவின் ஜொகூருக்குள் நுழைந்து, குளுவாங் பக்கம் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவருடைய செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் நாங்கள் இருவரும் சேர்ந்து இதுவரை மூன்று பழைய வண்டிகளை வெட்டிக் குறுக்கியிருக்கிறோம். ஒன்று சுசுகி எஸ்ஜே410, மற்ற இரண்டும் டொயோட்டா ஹைலக்ஸ். வேலையிடத்துத் தம்பிகளும் கோயிலில் பார்க்கும் நண்பர்களும் இதைப் பற்றி ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இரும்பை வெட்டிய பிறகு ஒட்டவைப்பது எளிதல்ல என்பதால், வெட்டுவதற்கு முன்பே எல்லாரும் படிக்கும்படி பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

வெட்டுவது என்றால் எதை வெட்டுகிறீர்கள்?

பெரும்பாலும் வாலைத்தான். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டு தொங்கும் பகுதியை, அதாவது அடிச்சட்டத்தின் (சேஸி) முனை, சரக்குத் தொட்டியின் கடைசிப் பகுதி, பின் பம்பர் ஆகியவற்றைக் குறைக்கிறோம். அடுத்து, பெரிய டயர் உரசாமல் சுழல முன் மட்கார்டின் கீழ் ஓரத்தை வெட்டுகிறோம். கூரையை வெட்டுவதும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடிச்சட்டத்தை வெட்டுவதும் வேறு வகை வேலைகள். அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலேயே வெட்டி இங்கேயே ஓட்ட முடியாதா?

முடியாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையம் வரையறை வைத்திருக்கிறது. சில மாற்றங்களுக்கு அனுமதி தேவையில்லை, சிலவற்றுக்கு முன்அனுமதி வேண்டும், சிலவற்றுக்கு அனுமதியே கிடையாது. அடிச்சட்டத்தை வெட்டிய வண்டியை ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோனால் அது தேறாது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு இங்கே ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. ஆகவே ஒளித்துவைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அபராதம் மட்டுமல்ல, சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

‘உரிமைச் சான்றிதழ் முடிந்த வண்டியை வாங்கி, சாலையில் இறக்காமல் சும்மா வைத்து வெட்டினால் என்ன?’ என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது இங்கே வண்டி வைத்திருக்கக் காலவரையறையோடு வாங்கும் உரிமம், முடிந்து பதிவு நீங்கிய வண்டியை இங்கே நம் இஷ்டத்துக்கு வைத்திருக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் உடைக்கக் கொடுக்க வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழே உள்ள வாகன நிறுத்துமிடம் கிரைண்டர் பிடிக்கும் இடமும் அல்ல. அப்படியே ஒருவர் வெட்டி முடித்தாலும் ஓட்டுவதற்குத் தடம் எங்கே? புக்கிட் தீமா, செஸ்நட் காட்டுத் தடங்கள் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியவை.

அப்படியானால் வண்டி எங்கே இருக்க வேண்டும்?

மலேசியாவில் வாங்கி, மலேசியாவிலேயே வெட்டி, மலேசியாவிலேயே வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் கழித்த வண்டியை அங்கே கொண்டுபோகலாமே என்று தோன்றும். அதற்கு இறக்குமதி உரிமமும் தீர்வையும் வேண்டும். பழைய பிக்கப் ஒன்றுக்காக அந்த வழியில் இறங்குவது வீண். அங்கே பதிவான வண்டியை இங்கே ஓட்டிக்கொண்டு வரலாம் என்றும் நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் வசிப்பவர் வெளிநாட்டில் பதிவான வண்டியை இங்கே வைத்திருக்கவோ ஓட்டவோ கூடாது.

எங்கள் வண்டிகள் மூன்றும் மைத்துனர் பெயரில் வாங்கியவை. வெட்டிய பிறகு அவற்றைப் பொதுச் சாலையில் ஓட்டுவதில்லை. அங்கேயும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் இறக்குவது குற்றம்தான். தோட்டத்துக்குள் உரிமையாளர் சம்மதத்துடன் ஓட்டுகிறோம். தொலைவில் ஒரு தடத்துக்குப் போவதென்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்தப் பக்கம் உங்களுக்கு நம்பிக்கையான சொந்தக்காரரோ நண்பரோ இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வண்டி யார் பெயரில், எந்தக் கொட்டகையில், யார் பார்வையில் இருக்கும் என்பதை முடிவு செய்த பிறகே கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

எந்த வண்டி இதற்கு ஏற்றது?

ஏணி போன்ற தனி அடிச்சட்டத்தின்மேல் உடலைப் போல்ட் போட்டு உட்காரவைத்த பழைய வண்டி எதுவும் பொருந்தும். உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் இருக்கும் இன்றைய கார்வகை ஜீப்புகளை வெட்டக் கூடாது. அவற்றில் ஒவ்வொரு தகடும் சுமை தாங்குகிறது.

சுசுகி எஸ்ஜே410 எடை குறைந்தது. 970 சிசி எஞ்சின், 2030 மி.மீ. சக்கர இடைவெளி (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்). வெட்டாமலே குட்டையான வண்டி என்பதால் இதில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். எஞ்சினுக்கு வலு குறைவு, ஆனால் சேற்றில் வண்டியின் எடை குறைவாக இருப்பதே பெரிய பலம்.

எனக்குப் பிடித்தது ஹைலக்ஸ் எல்என்106. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). எலெக்ட்ரானிக் பெட்டி எதுவும் கிடையாது. நடுக்காட்டில் நின்றுவிட்டாலும் இரண்டு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தால் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். ஜொகூரிலும் பகாங்கிலும் தோட்டங்களில் உழைத்த வண்டி என்பதால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை.

லேண்ட் ரோவர் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. நானும் மயங்கியவன்தான். அதன் உடல் அலுமினியக் கலவை, அடிச்சட்டம் எஃகு. இரண்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். இரண்டையும் ஒன்றோடொன்று பற்றவைக்க முடியாது, ரிவெட்டும் போல்ட்டும்தான் வழி. முதல் வண்டியாக அதைத் தொடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம். அடிச்சட்டம் போனால் வண்டியே போனது. ஆகவே முதலில் கீழே படுங்கள்.

இரண்டாவது ஹைலக்ஸுக்காக ஒரு வண்டியைப் பார்க்கப் போன காலையில் நான் எடுத்துப்போனது ஒரு சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலும் கைவிளக்கும் மட்டுமே. முன் ஸ்பிரிங் தாங்கியிலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு ‘டங்’ என்று மணிபோல் பேசும். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடத்தில் ஓசை மாறிவிட்டது. ‘டப்’ என்று காய்ந்த பலகையைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். அந்த இடத்தில் சுத்தியலின் உருண்டை முனையை வைத்து அழுத்தினேன். கறுப்பு பெயின்ட் தோலாய் உரிந்தது, அதன் பின்னால் செம்மண்ணும் துருவும் கலந்து காப்பித்தூளாய்க் கொட்டியது. பெட்டிவடிவச் சட்டத்துக்குள் பல ஆண்டுத் தோட்டத்துச் சேறு அடைந்து, ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரித்திருந்தது. வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி. விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அடுத்த மாதம் வேறொன்று கிடைத்தது.

நம் பக்கத்துச் சாலைகளில் பனிக்கு உப்புப் போடும் பழக்கம் இல்லை என்பதால் துரு குறைவாக இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். சாலை வண்டிக்கு அது சரி. தோட்டத்து வண்டிக்குச் சேறே போதும்.

வாலை வெட்டுவதால் உண்மையில் என்ன பயன்?

ஓடையைக் கடந்து கரையேறும்போது முன் சக்கரம் ஏறிவிடும், பின் சக்கரமும் ஏறத் தொடங்கும், ஆனால் பின் பம்பர் மண்ணில் குத்திக்கொண்டு வண்டியை நங்கூரம்போல் பிடித்துக்கொள்ளும். நீண்ட பிக்கப் வைத்திருப்பவர் எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு.

கணக்கைப் பாருங்கள். பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 120 செ.மீ. பின்னால் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டி பின்பக்கம் இடிக்காமல் சமாளிக்கும் சரிவு தோராயமாக 27 பாகை. வாலில் 30 செ.மீ. வெட்டினால் 34 பாகை ஆகிறது. வெட்டியதோடு பம்பரையும் 10 செ.மீ. மேலே தூக்கிப் பொருத்தினால் 38 பாகை. ஒரு முழ நீளம்கூட வெட்டாமல் 11 பாகை கிடைக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டியதில் கிடைத்தது 7 பாகை, பம்பரைத் தூக்கியதில் கிடைத்தது 4. ஆகவே கிரைண்டரை எடுப்பதற்கு முன்னால், தொங்கும் படிக்கட்டுப் பம்பரைக் கழற்றி, அடியில் கட்டியிருக்கும் மாற்றுச் சக்கரத்தை மேலே ஏற்றிவிட்டு, அதே தடத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும். அப்படிப் போதுமென்றால் வெட்டாதீர்கள்.

எவ்வளவு வெட்டலாம்?

எல்லை உங்கள் கையில் இல்லை, பின் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் தாங்கியில் இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனை அடிச்சட்டத்தோடு சேரும் இடம் அது. பின்பக்கத்துச் சுமையில் ஏறக்குறைய பாதி அந்த இடத்தில்தான் இறங்குகிறது. அதை அசைக்கக் கூடாது, அதை ஒட்டியும் வெட்டக் கூடாது. தாங்கிக்குப் பின்னால் புதிய குறுக்குச்சட்டம் உட்காரவும், பற்றவைக்கும் சூடு தாங்கியின் ரிவெட்டுகளைத் தொடாமல் இருக்கவும் இடம் விட்டுத்தான் கோடு போட வேண்டும். நாங்கள் ஒரு கையகலம் விட்டோம்.

கோடு போடும் விதமும் முக்கியம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் தாங்கிக் கட்டை கொடுத்து, பின் அச்சின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்தோம். அடிச்சட்டத்தின் முனையிலிருந்து அளக்காதீர்கள். பழைய வண்டியில் அந்த முனை எப்போதோ எதிலோ இடித்து வளைந்திருக்கும். எங்கள் வண்டியில் இடது முனை வலது முனையைவிட 8 மி.மீ. முன்னே தள்ளியிருந்தது. அளந்த பிறகு மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்துச் சரிபார்த்தோம். சுண்ணக்கட்டியில் கோடு போட்டோம். பிறகு வேலையை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து மைத்துனர் அளந்தார், அவர் அளவைப் பார்க்காமல் நான் அளந்தேன். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் வெட்டினோம்.

வெட்டியதும் முனையைத் திறந்தபடி விடக் கூடாது. ஏணியின் கடைசிப் படியை எடுத்துவிட்டால் இரண்டு கால்களும் தனித்தனியே ஆடும். கழற்றிய குறுக்குச்சட்டத்துக்கு ஈடாக அதே கனத்தில் இன்னொன்று போட வேண்டும்.

சரக்குத் தொட்டியின் தகடு 1 மி.மீ. அளவிலான மெல்லிய தகடு. அதை ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் அப்பளமாய் நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, மூன்றாவது மறுமுனையில் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வையுங்கள்.

சக்கர இடைவெளியையே குறைத்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா?

நடுவே வெட்டி அடிச்சட்டத்தைக் குறுக்குவதைக் கேட்கிறீர்கள். பிரிட்டனில் பழைய ரேஞ்ச் ரோவரை அப்படிக் குறுக்கியவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், நீங்களும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

பயன் இல்லாமல் இல்லை. 2850 மி.மீ. இடைவெளியும் 30 செ.மீ. அடி உயரமும் உள்ள வண்டி மேட்டைத் தாண்டும்போது வயிறு இடிக்காமல் சமாளிப்பது 24 பாகை. அதே உயரத்தில் 2030 மி.மீ. இடைவெளி என்றால் 33 பாகை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. எஞ்சினும் மனிதர்களும் சுமையும் ஏறி இறங்கும் நடுச்சட்டத்தில் இரண்டு வெட்டுகள் விழும். புரொபெல்லர் தண்டைக் குறுக்கிச் சமன்செய்ய வேண்டும், பிரேக் குழாய், கைப்பிரேக் கம்பி, எரிபொருள் குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, செங்குத்து ஏற்றத்தில் பின்னால் புரண்டுவிழத் துணியும் ஒரு வண்டிதான் கிடைக்கும். குட்டையான வண்டி வேண்டுமென்றால் குட்டையாய்ப் பிறந்த எஸ்ஜே410ஐ வாங்குங்கள். நீண்ட வண்டியை 6 செ.மீ. உயர்த்தினாலே அந்த 24 பாகை 28 ஆகிவிடும்.

வெட்டும் நாளில் பயப்பட வேண்டியது எதற்கு?

முதலில் டேங்க். காலி டேங்க் பத்திரமானது என்று நினைப்பவர்கள் அதிகம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதான அளவில் கலந்திருக்கும். கழற்றி, மூடி, வேலை நடக்கும் இடத்திலிருந்து தொலைவில் வையுங்கள். குழாய்களில் தங்கிய எரிபொருளையும் வடித்துவிடுங்கள். கப்பலில் ஒரு தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் வாயு அளந்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்குகிறோம். வார இறுதி வேலை என்பதால் நெருப்பு மரியாதை காட்டப்போவதில்லை.

அடுத்து பேட்டரி. இரண்டு முனைகளையும் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றுங்கள். வெல்டிங்கின் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். முன் பம்பரில் மாட்டிவிட்டுப் பின்னால் பற்றவைத்தால் மின்சாரம் சக்கர பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கலாம்.

பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த இடத்தில் உடனே பற்றவைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால், வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் போய்விடும். துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பைப் பற்றவைத்தால் புகையே காய்ச்சல் கொடுக்கும், அன்றிரவு குளிர்நடுக்கத்தோடு படுக்க வேண்டிவரும்.

கிரைண்டர் டிஸ்க்கின் நடுவளையத்தில் காலாவதி தேதி அச்சிட்டிருக்கும். பாருங்கள். கொட்டகையில் ஈரத்தில் கிடந்த பழைய டிஸ்க் சுற்றும்போது சிதறும். காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர் என் பக்கத்தில் நிற்க முடியாது, அது என் மைத்துனராக இருந்தாலும்.

கேஸ் கட்டரில் வெட்டினால் சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் சூடு அகலமாய்ப் பரவும், விளிம்பு கடினமாகும், உள்ளே ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சு தீப்பிடிக்கும். அடிச்சட்டத்துக்குக் கிரைண்டரே போதும்.

வெல்டிங்கில் எல்லாரும் செய்யும் தவறு எது?

எங்கள் முதல் வண்டியில் நானே செய்த தவறைச் சொல்கிறேன். எஸ்ஜே410இன் பின்சட்டத்தில் துருப்பிடித்த ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தோம். மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் வெட்டி, நேர்க்கோட்டிலேயே பற்றவைத்தேன். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வெல்டிங் மேட்டைக் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்கினேன். மூன்றாவது பயணத்தில், கோத்தா திங்கிப் பக்கம் ஓர் ஓடையைத் தாண்டியபோது பின்னால் ஒரு ‘கிறீச்’ கேட்டது. இறங்கிப் பார்த்தால் இணைப்பின் ஓரத்திலேயே, முடி அகலத்தில், கீழ்ப்பட்டையிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல். வெல்டிங் உடையவில்லை, அதன் பக்கத்தில் சூடுபட்ட இரும்பு உடைந்திருந்தது.

தொழிலாகச் செய்கிற நானே அதைச் செய்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. சட்டம் வளையும்போது அதிகச் சுமை மேல்பட்டையிலும் கீழ்ப்பட்டையிலும் விழுகிறது. அதே இடத்தில் நேர்க்குறுக்காக ஒரு கோடு போட்டால், கிழிக்க வசதியாகத் தபால்தலையில் துளையிட்டதுபோல் ஆகிவிடும். இணைப்பைச் சாய்வாக வையுங்கள். அதன் பக்கவாட்டில் வைரம் போன்ற நான்முனைத் தகட்டை ஒட்டுங்கள், அதன் கூர்முனைகள் சட்டத்தின் நீளவாக்கில் இருக்கட்டும். மேல், கீழ் விளிம்பைக் குறுக்கே கடந்து பற்றவைக்காதீர்கள். வெல்டிங் மேட்டைத் தேய்த்து மெலிதாக்காதீர்கள். குச்சி வெல்டிங் என்றால் 7018 குச்சியைச் சூடாக்கி உலர்த்தி, உலர்ந்தபடியே பயன்படுத்துங்கள். நம் காற்றின் ஈரத்தில் திறந்துவைத்த பாக்கெட் சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.

சொந்தமாக வெல்டிங் பழகிக்கொண்டிருப்பவர்கள் தொட்டித் தகட்டில் கையைப் பழக்குங்கள். அடிச்சட்டத்தைச் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

கூரையை வெட்டி ஜீப் மாதிரி ஆக்கலாமா?

கூரையும் தூண்களும் சேர்ந்துதான் நம் தலையைக் காக்கின்றன. அவற்றை எடுத்தால் அந்த இடத்தில் எஃகுக் குழாய்க் கூண்டு வர வேண்டும். அனைத்துலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, முதன்மை வளையத்துக்குச் சொல்லும் அளவு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50க்கு 2. மூட்டில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். கால் ஊன்றும் இடத்தில் 3 மி.மீ. கனத்தில் குறைந்தது 120 சதுர செ.மீ. தகடு வேண்டும். இவை போட்டி வண்டிக்கான விதிகள்தான், ஆனால் மரம் நம் தலையில் மோதும்போது இது போட்டியா பொழுதுபோக்கா என்று கேட்காது.

தண்ணீர்க் குழாயில் கூண்டு கட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஏறாதீர்கள். அது பக்கத்தில் மூட்டுவைத்து உருட்டிய குழாய், வளையும்போது மூட்டில் பிளக்கும். நல்ல கூண்டுக்குக் கைவசம் பணமில்லையா, கூரையை விட்டுவையுங்கள். எங்கள் மூன்று வண்டிகளிலும் கூரை அப்படியே இருக்கிறது. மழை நாளில் அதன் அருமை தெரியும்.

வாலை வெட்டிய பிறகு பிரேக் ஏன் மாறிவிடுகிறது?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, பிறகுதான் கேட்கிறார்கள். பல பிக்கப்புகளில் அடிச்சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். சுமை ஏறிச் சட்டம் தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், சட்டம் உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் வாலை வெட்டி எடை குறைத்ததும் ஸ்பிரிங் நிமிர்ந்து சட்டம் உயர்கிறது. அதோடு வண்டியைத் தூக்கியும் கட்டியிருந்தால், பின்னால் எடையே இல்லை என்று வால்வு முடிவு செய்து பின் பிரேக்கை ஏறக்குறைய விட்டுவிடும். எரிச்சலில் சிலர் வால்வையே கழற்றி எறிகிறார்கள். அப்போது எதிர்ப்பக்கத் தவறு நேரும். எடையிழந்த பின் சக்கரம் இறக்கத்தில் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும்.

எவ்வளவு உயர்த்தினீர்களோ அந்த அளவுக்கு வால்வின் தாங்கியையும் நகர்த்துங்கள். பிறகு ஆளில்லாத சமமான மண்வெளியில் மெதுவான வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். முன் சக்கரம் முதலில் பூட்ட வேண்டும். அதன் பிறகுதான் மலை.

ஸ்பிரிங்கும் இதே கதைதான். ஒரு டன் சுமக்கச் செய்த ஸ்பிரிங் காலி வண்டியில் கல்லாய் இருக்கும். அடியில் உள்ள தடித்த சுமைப்பட்டையை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கள் ஹைலக்ஸுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எந்த டயர்?

சேற்றுக்கான ஆழக்கட்டை டயர். அளவைவிடக் காற்றைக் கவனியுங்கள். செம்மண் சேற்றில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குகிறோம். திரும்பும்போது ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரசர் அவசியம்.

வெட்டும்போது இழுவைக் கொக்கியும் போய்விடுகிறதே?

ஆமாம், அதற்கு ஈடு வைக்காமல் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. வெட்டியவர்களில் பாதிப்பேர் இதை மறக்கிறார்கள். அடிச்சட்டத்தின் இரண்டு பக்கத்திலும் இழுவைக் கயிற்றின் ஷேக்கிள் (U வடிவ வளையம்) மாட்ட ஒவ்வொரு தடித்த காது வேண்டும். பெட்டிச்சட்டத்தில் போல்ட் போடும்போது உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்து, இறுக்கும்போது சட்டம் நசுங்காமல் பாருங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போட்டு இழுக்காதீர்கள். சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென இழுக்கும்போது அது முறிந்து பீரங்கிக் குண்டாய்ப் பறக்கும். அப்படி உயிர் போன சம்பவங்கள் உலகில் உண்டு.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா?

வனக்காப்புப் பகுதிக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்துச் சாலைக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். திறந்த கதவு அனுமதி ஆகாது. சிங்கப்பூரிலிருந்து உங்கள் காரில் போவதென்றால், எல்லை கடக்கும்போது எரிபொருள் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆண்டிறுதி மழைக்காலத்தை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மலேசியாவில் 1997 முதல் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை அந்த மழைக்காலத்தில் வைப்பதே தடம் கொடுமையாக இருக்கும் என்பதற்காகத்தான். காஹாங் பக்கம் யானைகள் உண்டு, சாணம் சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள். சேற்றுநீரில் நின்று வேலை செய்துவிட்டு வந்த பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் கண்டால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கழுவுங்கள். சட்டத்துக்குள் தண்ணீர்க் குழாயை விட்டு, வெளியேறும் நீர் தெளிவாகும்வரை கழுவுங்கள். புதிய குறுக்குச்சட்டத்தின் அடியில் வடிகால் துளை போட்டீர்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

காய்ந்ததும் வெல்டிங் இணைப்புகளைச் சோதியுங்கள். கப்பல் பட்டறையில் நாங்கள் செய்யும் சாயச் சோதனையை வீட்டிலும் செய்யலாம், மூன்று தெளிப்பு டப்பா போதும். இணைப்பை நன்றாகத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை விடுங்கள். துணியில் துப்புரவு திரவம் தொட்டு மேலே உள்ள சாயத்தைத் துடையுங்கள். இணைப்பின்மேல் நேராகத் திரவத்தைத் தெளித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போய்விடும். பிறகு வெள்ளைப் பொடியை மெல்லிய படலமாகத் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாய் ஊறி வெளியே வரும். இரண்டாவது ஹைலக்ஸை முதல் பயணம் முடித்துக் கொண்டுவந்த ஞாயிறு மாலையில், நானும் மைத்துனரும் இரண்டு முக்காலி போட்டு அந்த வெள்ளைப் படலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருட்டும்வரை அது வெள்ளையாகவே இருந்தது.